ஒரு பெண்ணுக்கு ஒரு கட்டம்

சியாமளா ஒரே ஆள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது என்று அலுவலகம் பின்னர் கண்டுபிடித்தது.

அவள் நாகசுப்பிரமணியனின் மனைவி. அவருடைய அக்கா அனுசூயாவின் மகள். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். மூன்றும் உண்மை. மூன்றில் எதையும் மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் மண்ணியல் படித்தவர். கனடாவில், மாண்ட்ரியலை அடுத்த சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த வேளாண்மை வளாகத்தில் வயல் மண்ணின் புளிப்பை அளந்துகொண்டிருந்தார். மண் கேட்டதற்குப் பதில் சொல்லும். அலுவலகங்களும் அப்படித்தான் என்று நினைத்தார்.

கல்யாணமான கையோடு அவர் மட்டும் மாண்ட்ரியலுக்கு வந்தார். அடுத்த கோடைக்குள் அவளை அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கோடை போய்விட்டது. ஒலிம்பிக் மைதானத்துக்குப் பள்ளம் தோண்டிய கோடையும் வந்துவிட்டது. நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருவருக்கென்று எடுத்த அபார்ட்மென்டில் ஒருவருக்குச் சமைத்துச் சாப்பிட்டார்.

இடப் பங்கீட்டு அலுவலகம் நகர நடுவில், ஒரு மெட்ரோ நிலையத்தின் மேல் இருந்தது. அதன் வேலை எளியது. நாட்டுக்குள் வர விரும்புவோருக்கு ஆண்டுதோறும் கொஞ்சம் இடங்கள். பாதி குடும்பத்துக்கு. பாதி வேலைக்கு. கூடத்தின் நடுவே ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். இடப்பக்கம் குடும்பம்: மெத்தை நாற்காலிகள், தொட்டிச் செடி, சுவரில் ஒரு தாயும் குழந்தையும். வலப்பக்கம் வேலை: மர நாற்காலிகள், சுவரில் ஓர் அணைக்கட்டு. இடப்பக்கம் உட்கார்ந்தவர்கள் ஏக்கமாகவும் வலப்பக்கம் உட்கார்ந்தவர்கள் திடமாகவும் இருக்க வேண்டும். அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் இடப்பக்கம் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தபோது காவலர் வந்து அவரை வலப்பக்கம் கொண்டுபோய் உட்காரவைத்ததை நாகசுப்பிரமணியன் பார்த்தார்.

குடும்பச் சன்னலில் மதாம் லாவுவா இருந்தார். அன்பான பெண்மணி.

"போன்ஜூர். யாருக்காக ஏங்குகிறீர்கள்?"

"என் மனைவிக்காக."

"ஆதாரம்?"

அவர் கல்யாணப் பதிவையும் புகைப்படத்தையும் கொடுத்தார். மதாம் லாவுவா கடிதங்களைக் கேட்டார். அவர் ஒரு கட்டைக் கொடுத்தார். மதாம் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"கணவர்களுக்கு யாரும் இவ்வளவு எழுதுவதில்லை. சந்தேகம் வருகிறது."

அடுத்த முறை அவர் பாதிக் கடிதங்களை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

"பாசம் குறைந்திருக்கிறதே" என்றார் மதாம் லாவுவா வருத்தத்துடன். அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். அலுவலகமே தாளும் பென்சிலும் கொடுத்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். கட்டங்களைக் கோடுகள் இணைக்கும். நாகசுப்பிரமணியன் தனக்கு ஒரு கட்டம் போட்டார். பக்கத்தில் அக்காவுக்கு ஒன்று. அக்காவின் கீழே சியாமளாவுக்கு ஒன்று. பிறகு சியாமளாவிலிருந்து தனக்கே ஒரு கோடு இழுத்தார்.

மதாம் லாவுவா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கிளை திரும்பி வந்து மரத்தில் ஒட்டுகிறது."

"எங்கள் பக்கத்தில் அப்படி உண்டு. அக்கா மகளைக் கட்டுவது வழக்கம். கட்டாவிட்டால்தான் அக்கா கோபித்துக்கொள்வாள்."

"உங்கள் அக்காவுக்கு இரண்டு கட்டம் வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அக்கா. உங்களுக்கு மாமியார். ஒரு பெண்ணுக்கு ஒரு கட்டம்தான். தேர்ந்தெடுங்கள்."

அவர் யோசித்தார். மனைவியை அழைத்து வருவதுதான் காரியம். "மாமியார்" என்றார்.

மதாம் லாவுவா மாமியாருக்குப் புதுக் கட்டம் போட்டு, அக்காவின் கட்டத்தை அழித்தார். அது அங்கே முடியவில்லை. பிறப்புப் பதிவில் அக்கா இருந்தாள். மரத்தில் இல்லை. இடையில் அவளுக்கு என்ன ஆயிற்று என்று அலுவலகம் கடிதம் எழுதிக் கேட்டது. இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் வேண்டும்.

"அக்கா உயிரோடு இருக்கிறாள்" என்று அவர் நேரில் போய்ச் சொன்னார். "அவள்தான் என் மாமியார்."

"மாமியாரைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. அவர் நலமாக இருப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி. சகோதரியின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல்."

வேறொருவர் என்றால் எழுந்து போயிருப்பார். அவர் நன்றி சொன்னார். இரங்கல் தெரிவித்தால் நன்றி சொல்வதுதானே மரியாதை.

அந்தச் சமயத்தில் அலுவலகத்தின் டில்லிக் கிளையில் சியாமளாவுக்கு நேர்காணல் நடந்தது. மதுரையிலிருந்து ரயிலில் போனாள். அவள் நல்ல ஆங்கிலம் பேசுவாள். இருந்தாலும் விதிப்படி ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்காரவைத்திருந்தார்கள். இந்திய மொழிகளில் அவருக்கு இந்தி மட்டும் தெரியும். காலையிலிருந்து வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டில் கணவரை என்னவென்று அழைப்பீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"மாமான்னு."

மொழிபெயர்ப்பாளர் நிமிர்ந்தார். இந்தியிலும் உள்ள சொல் ஒன்று கடைசியில் வந்துவிட்டது. "தாயுடன் பிறந்தவர்" என்றார்.

சியாமளா மறுக்கவில்லை. மறுக்க அதில் என்ன இருக்கிறது?

மாண்ட்ரியலுக்கு டெலெக்ஸ் வந்தது: விண்ணப்பதாரர் தம் கணவரை மாமா என்கிறார். வற்புறுத்தல் ஏதும் இல்லை.

மதாம் லாவுவா அதை அவருக்குப் படித்துக் காட்டினார். "ஆக, அவர் உங்கள் அக்கா மகள். அக்கா மகள் குடும்பத்தில் கடைசி வகை. இடம் இருந்தால் வரலாம். ஆனால் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. இவருக்கு ஆகிவிட்டது. யாரோடு?"

"என்னோடு."

"நீங்கள் அவருடைய மாமா."

"ஆமாம்."

"மாமா கணவராக இருக்க முடியாது. ஆகவே அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை."

நாகசுப்பிரமணியன் ஒரு கணம் தயங்கினார். "சரி. அக்கா மகளாகவே வரட்டும்."

"எப்படி? கல்யாணம் ஆகிவிட்டது என்று அவரே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறாரே. பொய் சொல்பவர்களை நாங்கள் அனுமதிப்பதில்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "படித்த பெண்ணாக இருக்கிறார். கயிற்றைத் தாண்டிக் கேட்டுப் பாருங்களேன்."

அவர் தாண்டினார்.

வேலைச் சன்னலில் மிஸ்டர் பென்னிங்டன் இருந்தார். சியாமளாவின் சான்றிதழ்களைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இங்கே ஆஸ்பத்திரிகள் காத்துக்கிடக்கின்றன."

"அப்படியானால்..."

"ஆனால் இவர் உங்களுக்காக வருகிறார். வேலைக்கு வருபவர் வேலைக்காக வர வேண்டும். விண்ணப்பம் முழுவதும் தேடிவிட்டேன். ரத்தத்தின்மேல் ஒரு பிடிப்பு தெரியவில்லை. எல்லா இடத்திலும் கணவர், கணவர். நீங்கள் மட்டும் இல்லாமலிருந்தால் நாளைக்கே அழைத்துக்கொள்வேன்."

கடைசியில் விஷயம் இயக்குநரிடம் போனது. அவர் விசாரணை வைத்தார். விசாரணைக்கு முன்பு சிறிய உரை நிகழ்த்துவது அவர் வழக்கம்.

"எங்களைக் கடுமையானவர்கள் என்கிறார்கள். குடும்பம் எங்களுக்குப் புனிதம். அதனால்தான் அதை எளிதில் யாருக்கும் கொடுப்பதில்லை. உழைப்பும் புனிதம். அதையும் அப்படியே. இடங்கள் குறைவு. தகுதியுள்ள எல்லோருக்கும் கொடுத்துவிட்டால், தகுதியுள்ளவர்களுக்கு என்ன மிஞ்சும்? ஒருவருக்கு ‘இல்லை’ என்று சொல்லும்போது அந்த இடம் காப்பாற்றப்படுகிறது. கடந்த ஆண்டு நாங்கள் காப்பாற்றிய இடங்களை நினைத்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது."

மதாம் லாவுவாவும் மிஸ்டர் பென்னிங்டனும் கைதட்டினார்கள். நாகசுப்பிரமணியனும் தட்டினார்.

"உங்கள் விஷயத்தில் ஒரு வழி இருக்கிறது" என்றார் இயக்குநர். "ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. அது எங்களுக்குத் தெரியும். அக்கா மகளைக் கட்டுவது உங்களவர்களிடையே உள்ள வழக்கம்தான் என்று மதிப்புள்ள ஒருவர் என் முன்னால் வந்து சொல்லட்டும். ஒரே ஒரு வாக்கியம். அவரை உங்கள் மனைவி என்று எழுதிவிடுகிறேன். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் எங்களுக்கு ஆலோசகராகவே இருக்கிறார். மிஸ்டர் மணிவாசகம்."

நாகசுப்பிரமணியனுக்குக் கண் கலங்கிவிட்டது. மணிவாசகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். மணிவாசகம் மெட்ரோ சுரங்கம் தோண்டிய காலத்து இன்ஜினியர். நகரை ஒட்டிய இல்-பிசார் தீவில் தோட்டத்தோடு வீடு. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே ஒரு வேளைச் சாப்பாடு உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், அவர் மனைவி பத்மா அவருடைய சொந்த அக்கா மகள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாகசுப்பிரமணியன் பஸ் கிடைக்காமல் பாதி வழி நடந்து போனார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தே?" என்றார் மணிவாசகம். "நான் இருக்கேன்டா. ஒரு வார்த்தை. முடிஞ்சுது."

"ரெண்டு கோடை போயிடுச்சுண்ணா."

"மூணாவது போகாது. சாப்பிடு."

உள்ளேயிருந்து பத்மா குரல் கொடுத்தாள். "மாமா, நாகுவுக்கு அப்பளம் பொரிக்கட்டுமா?"

"கேக்கணுமா? பொரி."

"சியாமளா வந்ததும் இங்கேதான் முதல் சாப்பாடு" என்று பத்மா அப்பளத்தோடு வந்தாள். "எனக்கும் மாமான்னு கூப்பிடற இன்னொருத்தி வேணும். இங்க எல்லாரும் புருஷனை ஜார்ஜ், ஹென்றின்னு கூப்பிடறாளுங்க. வேலைக்காரனைக் கூப்பிடற மாதிரி."

விசாரணை நாளன்று மணிவாசகம் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். பத்மாவும் பட்டுச் சேலை கட்டி வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். இயக்குநர் எழுந்து மணிவாசகத்துக்குக் கை கொடுத்தார். காபி வந்தது. சுரங்கத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

பிறகு இயக்குநர் கேட்டார். "உங்கள் மக்களிடையே தாய்மாமன் தன் அக்கா மகளையே மணப்பதுண்டா?"

கேள்வியில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் ‘தன் அக்கா மகளையே’ என்னும்போது மதாம் லாவுவாவின் மூக்கு லேசாகச் சுருங்கியது. மணிவாசகம் அந்த மூக்கைப் பார்த்தார்.

"அந்தக் காலத்தில் இருந்திருக்கலாம்" என்றார். "உள்கிராமங்களில், எழுத்தறிவு எட்டாத பகுதிகளில்."

"இப்போது?"

"படித்த குடும்பங்களில் நான் கண்டதில்லை."

நாகசுப்பிரமணியன் எழுந்தார். உட்காரும்படி காவலர் சைகை காட்டினார். உட்கார்ந்தார்.

"உங்கள் மனைவியும்..." என்று இயக்குநர் உபசாரமாகப் பின்வரிசையைப் பார்த்தார்.

"என் மனைவி பட்டதாரி" என்றார் மணிவாசகம்.

எல்லோரும் பத்மாவைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

குடும்பக் கோப்பு மூடப்பட்டது. மாடிப்படியில் மணிவாசகம் நாகசுப்பிரமணியனின் தோளில் கை போட்டார்.

"தப்பா எடுத்துக்காதே நாகு. அந்தம்மா மூஞ்சியப் பாத்தியா? நம்மள என்னன்னு நினைப்பாங்க? இத்தனை வருஷமா நான் கட்டிக் காப்பாத்தின மரியாதை. உனக்கு மட்டும் இல்லை, பின்னால வர்றவனுக்கெல்லாம் சேர்த்துத்தான்."

"பின்னால வர்றவனுக்கா? முன்னால இருக்கிறவளை என்னண்ணா பண்றது?"

"நான் பொய் சொல்லலையே. கண்டதில்லைன்னுதான் சொன்னேன்."

"வீட்ல கண்ணாடி இல்லையா?"

மணிவாசகம் கையை எடுத்துக்கொண்டார். கீழே கார் அருகில் பத்மா நின்றிருந்தாள்.

"மிஸ்டர் மணிவாசகம்" என்றாள். "கதவைத் திறங்க."

நாகசுப்பிரமணியன் மெட்ரோவுக்குத் திரும்பும்போது யாரோ பின்னால் ஓடிவந்தார்கள். மிஸ்டர் பென்னிங்டன். மூச்சு வாங்கியது.

"வாழ்த்துகள்! உங்கள் கணவர் போய்விட்டார்."

"என்னுடைய கணவரா?"

"அவருடைய கணவர். நீங்கள். சட்டப்படி இப்போது நீங்கள் வெறும் மாமா. அவர் தனி ஆள், வேலைக்காக வருகிறவர். இந்த ஆண்டு என்னிடம் ஓர் இடம் இருக்கிறது. நீங்கள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், நான் அவருக்கு மாமா மட்டும் என்று. ‘மட்டும்’ முக்கியம். கல்யாணம் ஆகவில்லை என்று அவரும் டில்லியில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்."

"வந்த பிறகு?"

"வந்த பிறகு அவர் கனடாவில் இருப்பார். நீங்கள் கேட்டது அதுதானே?"

நாகசுப்பிரமணியன் காபிக் கடை ஒன்றில் உட்கார்ந்து யோசித்தார். ஒரு வாக்கியம்தான். யாரும் சாகப் போவதில்லை. வந்து சேரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவளும் அப்படித்தான் நினைப்பாள். திரும்பிப் போய்க் கையெழுத்துப் போட்டார்.

அன்றிரவு வீட்டிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு டிரங்க் கால் போட்டார். சியாமளாவைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து கூப்பிட்டு வந்தார்கள். லைன் இரைந்தது. கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"கிடைச்சாச்சு சியாமு! வேலை வழியா! நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்!"

"என்னன்னு?"

"கல்யாணம் ஆகலைன்னு!"

"கேக்கலை மாமா, திரும்பச் சொல்லுங்க."

"நமக்குக் கல்யாணம் ஆகலைன்னு! நீ எனக்குப் பொண்டாட்டி இல்லைன்னு! நான் போட்டாச்சு!"

பக்கத்து அபார்ட்மென்டில் ரேடியோ நின்றது.  லைன் அறுந்ததா என்று, இடையில் இணைப்புக் கொடுத்த லண்டன் ஆபரேட்டர் ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்றார்.

"அம்மாதான் முதல்ல எழுதினா" என்றாள் சியாமளா. "தம்பி என்னைச் செத்துப்போனவள்னு எழுதியிருக்கானாமேன்னு. நான்தான் சமாதானம் சொன்னேன். ஆபீஸ்காரங்க அசட்டுத்தனம், அவர் என்ன பண்ணுவார்னு. இதுவும் ஆபீஸ்காரங்கதானா?"

"ஒரு பேச்சுக்குத்தான்டி."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

"நேரம் இல்லை சியாமு. இடம் ஒண்ணுதான். போயிடும்."

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"சரி" என்றாள். "நானும் போடறேன்."

அவர் நிம்மதியாகத் தூங்கினார். மறுநாள் இரண்டு தலையணைகள் வாங்கினார்.

கடிதங்கள் நின்றுபோயின. பயண ஏற்பாட்டில் இருப்பாள் என்று எண்ணினார். பனிக்காலம் தொடங்கியபோது அக்காவிடமிருந்து ஒரு ஏர்லெட்டர் வந்தது. "சியாமளா கிளம்பிவிட்டாள். அக்காவாக எழுதுவதா மாமியாராக எழுதுவதா என்று யோசித்தேன். இரண்டு பேரும் உன்னோடு பேசுவதாக இல்லை." அவ்வளவுதான் இருந்தது.

கிளம்பிவிட்டாள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் தோர்வால் விமான நிலையத்துக்குப் போனார். பெண்களுக்கான கம்பளிக் கோட்டு ஒன்று கையில் இருந்தது. லண்டன் விமானம் வந்தது. அவள் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் வேலை முடிந்ததும் நேராக அங்கே போனார். பிறகு அலுவலகத்துக்குப் போனார்.

மிஸ்டர் பென்னிங்டன் எழுந்து நின்று கைகொடுத்தார். "வந்துவிட்டார். நலமாக இருக்கிறார். ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அவர்களுக்கு மிகுந்த திருப்தி."

"எங்கே?"

"வேறு ஊரில். எந்த ஊருக்குப் போக விரும்புகிறீர்கள் என்று கேட்டோம். மாண்ட்ரியல் தவிர எதுவும் சரி என்று எழுதியிருந்தார். அப்படி விட்டுக்கொடுப்பவர்கள் அபூர்வம்."

"அவளுடைய முகவரி வேண்டும்."

"தனியாக வந்திருக்கும் பெண்ணின் முகவரியை உறவினருக்குத்தான் தர முடியும்."

"நான் அவளுடைய மாமா. நீங்கள்தானே கையெழுத்து வாங்கினீர்கள்?"

"வாங்கினோம். ஆனால் இந்த நாட்டில் உறவினர் யாரும் இருக்கிறார்களா என்று அவரைக் கேட்டிருந்தோம். ‘யாரும் இல்லை’ என்று எழுதியிருக்கிறார். தெளிவான கையெழுத்து. இரண்டும் ஒத்துப்போகவில்லை. விண்ணப்பதாரர் சொல்வதைத்தான் நாங்கள் ஏற்போம். அதனால் உங்களுடையதை எடுத்துவிட்டோம்." அவர் கோப்பைத் திறந்து காட்டினார். அது மெலிந்திருந்தது. "முதல்முறையாக இதில் ஒரு முரண்பாடும் இல்லை."

நாகசுப்பிரமணியன் கயிற்றோரமாக நடந்து வெளியே வந்தார். கோட்டு இன்னும் கையில் இருந்தது.

"முஸ்யூ! முஸ்யூ!"

மதாம் லாவுவா சன்னலிலிருந்து கையை ஆட்டினார். ஆண்டு முடிகிற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"நல்ல வேளை, வந்தீர்கள். குடும்பப் பக்கத்தில் ஓர் இடம் மீந்துவிட்டது. இன்று மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா?"

அவர் அந்தப் பக்கம் வந்து நின்றார். தொட்டிச் செடிக்கு யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

"இல்லை" என்றார்.

மதாம் லாவுவா அதை எழுதிக்கொண்டார்.